இதைவிட நல்ல கொப்பி

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைத்தே இதைத் தொடங்குகிறேன். நான் சொல்லப்போகும் மனிதரை நீங்கள் கண்டதில்லை. எனினும் நாளைக்கு ஒருவர் வந்து, அப்படியும் ஓர் ஆள் கண்டியில் இருந்தாரா என்று கேட்டால், இருந்தார் என்று சொல்வதற்கு என்னைத் தவிர இன்னொருவராவது வேண்டும். அவருடைய பெயரை எழுதமாட்டேன். அவர் அரச அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்த யாழ்ப்பாணத்துத் தமிழர். யுத்தம் மறுபடி மூண்டிருக்கும் இந்நாட்களில் அத்தகைய ஒருவரின் பெயரை அச்சேற்றுமுன் இரண்டுமுறை யோசிக்கவேண்டியிருக்கிறது.

விவாத மேடையேறினால் எதிரணியின் கடைசிப் பேச்சாளரையும் மூன்று நிமிடத்தில் உட்காரவைப்பவன் என்று பெயரெடுத்தவன் நான். இவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மாத்திரம் அந்த மூன்று நிமிடம் எனக்குப் போதுவதில்லை.

முல்கம்பொலையில், புகையிரதப் பாதைக்கு மேலே, நோனா என்று நாங்கள் அழைத்த ஒரு சிங்கள அம்மாவின் வீட்டு மேலறையில் அவர் இருந்தார். கீழறையில் நான் இருந்தேன். மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, உயர்தரப் பரீட்சை எழுதி முடித்து, ஆசிரிய நியமனத்துக்குக் காத்திருந்த காலம் அது. அவருடைய அறையில் கட்டிலைவிடப் பெரிய இடத்தை ஒரு மேசை பிடித்திருந்தது. அதன்மேல் இரண்டு வீடியோ டெக்குகள், ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, பிற்பாடு ஒரு கணினி. சுவரோரம் நின்ற அலுமாரி முழுவதும் பேய்ப்படங்கள். பேய்ப்படத்தைத் தவிர வேறு எந்தப் படத்தையும் அவர் தொட்டுப் பார்த்ததில்லை.

அவர் செய்துவந்த காரியத்தைச் சொல்வது எளிது. பழைய ஆங்கிலப் பேய்ப்படங்களின் மோசமான பிரதிகள் யாரிடம் இருக்கின்றன என்று தேடிக் கண்டுபிடிப்பார். அவற்றை வாங்கிக்கொண்டு நல்ல பிரதிகளைக் கொடுப்பார். அக்காலத்தில் லண்டனிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்த ஒளிநாடாவைப் பார்த்துக் கொழும்பில் ஒரு பிரதி எடுப்பார்கள், அதைப் பார்த்துக் கண்டியில் ஒன்று, கண்டியைப் பார்த்துத் தோட்டத்தில் ஒன்று. நான்காவது கைக்கு வரும்போது பேயும் சுவரும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். இதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. முதலில் ஒளிநாடாவுக்குப் பதிலாக நல்ல ஒளிநாடா கொடுத்தார். வீசீடி வந்ததும் கொடுத்ததையெல்லாம் திருப்பி வாங்கி வீசீடி கொடுத்தார். டிவிடி வந்ததும் அந்த வீசீடிகளும் திரும்பின.

யாரிடமும் அவர் காசு வாங்கியதில்லை. நிபந்தனை ஒன்றே ஒன்று: பழையதைத் தந்துவிட வேண்டும். வாங்கிய நாடாவை உருவி, முழ முழமாக வெட்டி, நோனாவின் போஞ்சிப் பந்தலில் குருவிகளை விரட்டுவதற்குக் கட்டிவிடுவார். காற்றடித்தால் பந்தல் முழுவதும் கறுப்பாக மின்னும். ஏன் வெட்டவேண்டும் என்று ஒருமுறை கேட்டேன்.

"மோசமான கொப்பி இருக்கிற வரைக்கும் சனம் அதைத்தான் பாக்கும், ஐசே. பிறகு படம் சரியில்லை எண்டு சொல்லும்."

ஏன் பேய்ப்படம் மட்டும் என்ற கேள்விக்கும் அவரிடம் ஆயத்தமான பதில் இருந்தது. மற்றப் படங்களுக்கு வெளிச்சம் சரியாக இருந்தால் போதுமாம். பேய்ப்படத்துக்கு இருட்டு சரியாக இருக்கவேண்டுமாம். புதிய பிரதி வந்துவிட்டால் என்னை மேலே கூப்பிட்டு, திரையின் ஒரு மூலையைப் பென்சிலால் தொட்டுக் காட்டுவார். பழைய பிரதியில் வெறும் கரியாகக் கிடந்த இடத்தில் ஒரு மாடிப்படி தெரியும். "இந்தப் படியை நீர் முந்திப் பாத்தனீரோ?" என்று கேட்டுவிட்டு, அந்த மாளிகையில் தானே குடியிருந்தவரைப்போல மகிழ்வார்.

எல்லோரும் அவருடன் சேர்ந்து மகிழ்ந்துவிடவில்லை. கண்டி நகரில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவர் ஒருநாள் டிவிடியைத் தூக்கிக்கொண்டு நேரே மேலறைக்கு வந்துவிட்டார்.

"இஞ்ச பாருங்க தம்பி, முந்தி நாங்க பேயப் பாத்தம். இப்ப பேய்க்குக் கட்டின நூல்தான் நல்லா வெளங்குது. பிள்ளையள் சிரிக்கிறாங்க."

"நூல் தெரிஞ்ச பிறகும் பயந்தா அதுதான் நல்ல படம், நானா."

"அப்ப இது நல்ல படமில்ல. என்ட பழசத் தாங்க."

பழையது பந்தலில் ஆடிக்கொண்டிருந்தது. இவர் சன்னலால் அதைக் காட்டினார். பெரியவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, குருவிகளாவது பயப்படட்டும் என்று சொல்லிப் படியிறங்கினார்.

பிரதியெடுக்கும் வேலையை அவர் செய்த விதம் ஒரு விரதத்துக்கு ஒப்பானது. ஒன்றரை மணி நேரப் படத்தைப் பிரதியெடுக்க ஒன்றரை மணி நேரம் வேண்டும். அந்நேரம் முழுவதும் அவர் எழுந்திருக்கமாட்டார். கண்டியின் ஈரத்தில் நாடாக்களில் வெள்ளைப் பூஞ்சணம் பிடிக்கும். வறுத்த அரிசி போட்ட பிஸ்கட் தகரப் பேணிக்குள் அவற்றை நாட்கணக்கில் மூடிவைத்து உலர்த்துவார். கீழே ரயில் போனால் மேசை அதிரும், படம் ஒரு கணம் நடுங்கும். ஆகையால் பேராதனைக்கும் கண்டிக்கும் இடையே ஓடும் ரயில்களின் நேரமெல்லாம் அவருக்கு மனப்பாடம். மின்வெட்டு அட்டவணை வெளியாகும் மாதங்களில் அலுவலகத்தில் லீவு போடுவதையும் அதற்கேற்பவே தீர்மானித்தார். ஒரு கொப்பிப் புத்தகம் வைத்திருந்தார். எந்தப் படம், எந்த ஊரில், என்ன குறை என்று அதில் எழுதியிருக்கும். 'வத்தேகம: நாற்பதாம் நிமிடத்தில் கோடு.' 'பன்விலை: நிறம் வழிகிறது.'

நகரில் குண்டு வெடித்ததற்குப் பிந்திய வாரங்களில் எங்கள் வீட்டுக்கும் சோதனைக்கு வந்தார்கள். இளம் சிப்பாய் ஒருவன் பிஸ்கட் பேணிகளைத் திறந்து, அரிசிக்குள் புதைந்து கிடந்த நாடாக்களைக் கண்டு திடுக்கிட்டான். இவர் அமைதியாகச் சிங்களத்தில் விளக்கினார். ஹொல்மன் படமா என்று அவன் கேட்டான். ஹொல்மன் என்றால் பேய். ஆம் என்றார். ஒன்று தரமுடியுமா என்றான். துப்பாக்கி வைத்திருப்பவன் கேட்டால் நானாயிருந்தால் அலுமாரியையே கொடுத்திருப்பேன். இவரோ, அந்தப் படத்தின் கொப்பி சரியில்லை, அடுத்த மாதம் இதைவிட நல்லது வரும், அப்போது வா என்று சொல்லி அனுப்பினார். அடுத்த மாதம் அவன் சீருடையில்லாமல் வந்தான். நல்ல பிரதியை வாங்கிக்கொண்டு போனான்.

இதைவிட நல்லது வரும். அவருடைய வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு வசனத்தின்மேல் நின்றது. எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் அவர் தங்கியிருந்த கடைவீட்டுக்குத் தீ வைத்தார்கள். உடுத்த துணியோடு ஓடித் தப்பினார். அந்நாளில் அரும்பாடுபட்டுச் சேர்த்த முப்பது ஒளிநாடாக்கள் உருகி ஒரே கட்டியாகிக் கிடந்தனவாம். அதை என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு துயரமும் இல்லை. "எல்லாம் மூண்டாங் கொப்பி. எரியாட்டிலும் நான் மாத்தித்தான் இருப்பன்" என்றார். பின்னொருநாள் யாழ்ப்பாணத்திலிருந்து கடிதம் வந்தது. அவருடைய வீட்டின்மேல் செல்குண்டு விழுந்துவிட்டது. வாசித்தார், மடித்தார், கூரை கிழக்குப் பக்கம் ஒழுகிக்கொண்டிருந்தது, திருப்பிக் கட்டும்போது சரியாகக் கட்டலாம் என்றார். பிறகு டெக்கின் தலையைத் துடைக்கத் தொடங்கினார்.

முதலில் இதைத் துணிவு என்று வியந்தேன். போகப்போக எனக்குள் ஓர் அச்சம் உண்டாயிற்று. எதை இழந்தாலும் வருந்தாத மனிதருக்குக் கீழறையில் உறங்குவது அவ்வளவு எளிதன்று.

இனி நான் என்னுடைய பங்கையும் சொல்லவேண்டும்.

எங்கள் தோட்டத்து வாலிபர் மன்றத்தில் ஓர் ஒளிநாடா இருந்தது. கறுப்பு வெள்ளைப் படம். சவப்பெட்டியிலிருந்து ஒருவன் எழுந்துவருவான். ஆகவே தோட்டத்தில் அதற்குப் 'பெட்டிப் பேய்' என்று பெயர். ஆங்கிலம் யாருக்கும் விளங்காது. தியாகு என்றொரு பையன், எனக்கு இரண்டு வயது மூத்தவன், படம் ஓடும்போது பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வருவான். கொழும்புக் கடையொன்றில் அவனுக்கு வேலை கிடைத்தபோது, இனி யார் சொல்வது என்று சனம் குறைப்பட்டது. அந்தத் தீபாவளிக்கு லீவில் வந்தவன் இரண்டு டெக்குகளை இணைத்து, மைக்கைப் பிடித்து, படத்தின் ஒலியோடு தன் குரலையும் சேர்த்து ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டுப் போனான். அக்கம்பக்கத் தோட்டங்களும் அதைப் பார்த்துப் பிரதியெடுத்துக்கொண்டன. அடுத்த வருடம் கொழும்பில் இராணுவம் நடத்திய சுற்றிவளைப்பொன்றில் தியாகுவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதன்பின் தகவலே இல்லை. அவனுடைய அம்மா கொழுந்தெடுப்பவர். மகனைத் தேடி அவர் ஏறாத கந்தோர் இல்லை, அலுவலகம் இல்லை. அவருக்கு மூன்று மனுக்கள் எழுதிக் கொடுத்தவன் நான்; மூன்றும் நல்ல தமிழ் என்று எனக்கு அப்போது பெருமை.

அப்படிப்பட்ட நானே மேலறைக்குச் சென்று, பெட்டிப் பேயின் மிக மோசமான பிரதி எங்கள் மன்றத்தில் இருக்கிறது, படமெல்லாம் புள்ளிப் புள்ளியாகப் பனி, போதாக்குறைக்கு மேலே ஓர் ஆள் அலட்டிக்கொண்டே இருக்கிறான் என்று சொன்னேன். பண்பட்ட தமிழ் பேசப் பயின்றவனுக்கு அந்தத் தோட்டத்துப் பேச்சு கூச்சமாயிருந்தது. வேறு காரணம் சொன்னால் அது பொய்.

அவரிடம் அதே படத்தின் டிவிடி லண்டனில் இருந்த தமக்கையிடமிருந்து அப்போதுதான் வந்திருந்தது. சமாதானம் என்று பேசத் தொடங்கியிருந்த காலம். பஸ்ஸில் போவதற்கு யாரும் தயங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இருவரும் மடுல்கெல்லைக்குப் போனோம். மன்றச் செயலாளரின் முகமெல்லாம் மகிழ்ச்சி. மன்றத்துக்கு யாரோ நன்கொடையாகக் கொடுத்த புதிய டிவிடி இயந்திரம் சும்மா கிடந்தது. டிவிடியை வாங்கிக்கொண்டு பழைய நாடாவைக் கடதாசியில் சுற்றித் தந்தார்.

கொடுத்த இடத்துக்கு மறுவாரமும் சென்று, அங்குள்ள தொலைக்காட்சிப் பெட்டியில் இருட்டு சரியாக விழுகிறதா என்று பார்த்துத் திருத்திவைப்பது அவருடைய வழக்கம். ஆகவே அடுத்த ஞாயிறும் சென்றோம். மண்டபம் நிறைந்திருந்தது. படம் தெளிவாக ஓடியது. மாளிகையின் கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. சனம் கோவிலில் இருப்பதுபோல் ஒழுங்காக இருந்தது. நான் அதை மரியாதை என்று நினைத்தேன். அரைமணி நேரம் சென்றிருக்கும். பின்னாலிருந்து தியாகுவின் அம்மா எழுந்துவந்து, இவருடைய கதிரைக்குப் பக்கத்தில் குந்தினார்.

"ஐயா, எம் மவன் எப்ப பேசுவான்?"

இவருக்கு விளங்கவில்லை. "ஆர் அம்மா உங்கட மகன்?"

"தியாகுங்க. இந்தப் படத்துல பேசுவான்ல."

இவர் என்னைப் பார்த்தார். எந்தத் தலைப்புக்கும் எந்தப் பக்கமும் பேசக்கூடிய நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

"அது இதில இல்லை அம்மா. பழைய கசெட்டில" என்றார்.

"அப்ப பழசையே போடுங்கய்யா."

பழையது செவ்வாய்க்கிழமையே பந்தலுக்குப் போய்விட்டது. அதை அந்த அம்மாவிடம் யார் சொன்னார்கள், எப்படிச் சொன்னார்கள் என்பது எனக்கு நினைவில்லை. அவர் மறுபடி பின்னால் சென்று உட்கார்ந்தார். படம் முடிந்து எல்லோரும் போனபின்பும் எழவில்லை. செயலாளர் இவருடைய காதோடு, "எப்பவும் அப்புடித்தான் சார். படம் முடிஞ்சா தியாகு கூப்புடுவான். அது வரைக்கும் இருப்பாங்க" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் இவருக்குப் பக்கத்தில் இருந்தேன். வத்தேகமவைத் தாண்டியபின், தேற்றுவதாக நினைத்து அவருடைய வசனத்தையே அவருக்குச் சொன்னேன். போனால் போகட்டும் அண்ணே, இதைவிட நல்லது வரும் என்றேன்.

"படத்துக்கு ஒறிஜினல் எங்கயோ பத்திரமா இருக்கு. அதால இன்னொண்டு வரும்" என்றார். பஸ் இரண்டு வளைவு திரும்பியது. "இதுக்கு ஒறிஜினல் அந்தப் பொடியன்."

மறுநாள் அலுவலகம் போகாமல் பந்தலுக்குக் கீழே நின்றார். ஒரு வாரம் மழையில் நனைந்த துண்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து ஒரு பேசினில் சேர்த்தார். மற்ற நாடாக்களின் துண்டுகளோடு அவை கலந்துபோயிருந்தன. எது தியாகு, எது வேறொரு பேய் என்று கண்ணால் காணமுடியாது. பிற்பகலில் கொப்பிப் புத்தகத்தை என் முன்னால் விரித்தார். தியாகுவின் பிரதி போன ஊர்கள் எல்லாம் அதில் இருந்தன. ஹுன்னஸ்கிரிய: 'மேலே ஆள் பேச்சு. மாற்றியாயிற்று.' பன்விலை: 'ஆள் பேச்சு. மாற்றியாயிற்று.' வத்தேகமவுக்கும் அதே வரி. எல்லாம் அவருடைய அழகான கையெழுத்து. ஐந்து வருடங்களாக அந்தப் பையனின் குரலை ஊர் ஊராகச் சென்று அவரே துடைத்திருக்கிறார். விரலை வரிகளின்மேல் வைத்துக் கடைசிப் பக்கம்வரை போனார்.

ஒரே ஒரு வரியில் மாத்திரம் 'மாற்றியாயிற்று' இல்லை. கடுகண்ணாவை. 'தர மறுத்துவிட்டார்.'

அது ஒரு சலூன். எங்கள் தோட்டத்துப் பக்கத்திலிருந்து போய்க் கடை போட்டவர் நடத்திவந்தார். முடிவெட்டக் காத்திருப்பவர்களுக்காக அங்கே படம் ஓடும். நாங்கள் உள்ளே நுழைந்ததும் கண்ணாடியிலேயே இவரை அடையாளம் கண்டுவிட்டார். ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்த கத்தியை நிறுத்தவில்லை.

"வாங்க சார். போன தடவ என்னா சொன்னீங்க? குப்ப கொப்பின்னு சொன்னீங்க. இப்ப குப்ப பொறுக்க வந்தீங்களா?"

"ஓம். அதுக்குத்தான் வந்தனான்" என்றார்.

கத்தி நின்றது. நான் விடயத்தைச் சொன்னேன். கடைக்காரருக்குத் தியாகுவைத் தெரியும். பிடித்துக்கொண்டு போனது தெரியாது. நுரை போட்ட முகத்தோடு இருந்தவரை அப்படியே விட்டு, உள்ளே சென்று நாடாவை எடுத்துவந்தார். தலையைச் சொறிந்தார். அதன்மேல் ஒரு கிரிக்கெட் மேச் பதிந்துவிட்டாராம். கடைசியில் கொஞ்சம் மிச்சமிருக்கலாம் என்றார்.

பௌர்ணமி விடுமுறையன்று காலை அந்த நாடாவை ஓட்டினோம். கிரிக்கெட் ஓடியது, ஓடியது. பந்து வீசிக்கொண்டிருந்த ஒருவன் கையை உயர்த்தியபடியே மறைந்தான். திரை முழுவதும் பனி. பனிக்குள்ளிருந்து தியாகு பேசினான்.

"இப்ப பாருங்க, பெட்டி தெறக்கும். பயப்படாதீங்க. அவனுக்கும் நம்மள மாதிரி காலையில பெரட்டு இருக்கு, அதான் அவசரமா எந்திரிக்கிறான்."

பெரட்டு என்றால் விடியற்காலையில் தோட்டத்தில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவது. அலட்டல் என்று நான் சொன்னது இதைத்தான். எவ்வளவு இயல்பாக, எவ்வளவு நேரம் பார்த்துப் பேசியிருக்கிறான் என்று அன்றைக்குத்தான் என் காதுக்கு எட்டியது. பத்தொன்பது நிமிடங்கள் எஞ்சியிருந்தன. இரைச்சலை நீக்குவதற்குக் கணினியில் வழியிருந்தது. அவர் அதைச் சிறிது தொட்டுப் பார்த்தார். இரைச்சலோடு குரலின் ஓரமும் தேய்ந்தது. உடனே பழையபடி விட்டார். மேலும் கீழும் உருண்ட படத்தை நிறுத்தவில்லை, கோடுகளை மறைக்கவில்லை. நடுவில் விடுமுறை விசேட ரயில் ஒன்று வந்து மேசை அதிர்ந்ததால் முதலிலிருந்து மறுபடி டிவிடிப் பிரதி எடுத்தார். கடைசி வசனத்தை இரண்டாம் முறை கேட்டபோது எழுந்து சன்னலருகே போய் நின்றார்.

அந்த ஞாயிறு மண்டபத்தில் அதைப் போட்டோம். திரையில் பார்ப்பதற்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆனால் பெரட்டு என்றதும் சனம் சிரித்தது. ஏற்கெனவே நூறுமுறை கேட்ட வேடிக்கைப் பேச்சு. ஆகவே எங்கே சிரிப்பது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தியாகுவின் அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார். இவர் கதிரையில் இருக்கவில்லை. பின்னால் சென்று, அவருக்குப் பக்கத்தில், சிமெந்துத் தரையில் சம்மணமிட்டு இருந்தார்.

முடிவில் தியாகு சொன்னான்: "அவ்வளவுதான், படம் முடிஞ்சிருச்சு. எல்லாரும் பாத்துப் போங்க, படி வழுக்கும். அம்மா, நீ இரு. நா வந்து கூட்டிட்டுப் போறேன்."

பனியும் நின்று திரை கறுத்தது. சனம் எழுந்து, படி பார்த்து இறங்கியது. அந்த அம்மா இருந்தார். இவரும் இருந்தார். நான் வாசலில் நின்றேன். கனநேரத்துக்குப் பிறகு அந்த அம்மா இவருடைய பக்கம் திரும்பினார். இவருடைய நிபந்தனையைப்பற்றி யாரோ சொல்லியிருக்கவேண்டும்.

"ஐயா, இத நான் வச்சுக்கலாமா? நாளைக்கு நல்லது வந்துச்சுன்னு இதத் திருப்பிக் கேப்பீங்களா?"

இவர் எழுந்து நின்றார். மேடையில் நின்று பேசி அவருக்குப் பழக்கமில்லை. வெறும் மண்டபத்தில், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல், மன்றச் செயலாளருக்கும் எனக்கும் கேட்கும்படி உரத்துச் சொன்னார்:

"கேக்க மாட்டன் அம்மா. இது பழுதாகிறதுக்கு முன்னம், வருசத்துக்கு ஒருக்கா, நான் எந்த ஊரில இருந்தாலும் இன்னொண்டு எடுத்துக்கொண்டு வாறன். இந்தக் கோடு, இந்த இரைச்சல், எல்லாம் இப்பிடியே இருக்கும். ஒண்டையும் திருத்த மாட்டன்."